ரோசாப்பூ துரை

மேற்குத் தொடர்ச்சி மலைகளின் அடிவாரத்தே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அதன் நடுவே, சின்னமனூருக்கும் கம்பத்திற்கும் இடையில், உத்தமபாளையம் என்னும் ஊர் உள்ளது. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பெற்று, மேல்கடல் நோக்கி ஓடிய நீர் கிழக்கே திருப்பப்பெற்றது. அதன் பயனாக இப்பகுதி முன்னினும் வளம் மிக்கதாயிற்று. நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் தென்னஞ் சோலைகளும் கண்ணுக்கு விருந்தாகும். மாலையில் உழவர் தொழில் முடித்து வீடு திரும்புவர்; விளக்கேற்றிய இல்லங்களில் சிறுவர் பாடம் படிப்பர். நாள்தோறும் காணும் காட்சியாதலின் இதில் வியப்பு ஏதும் இல்லை என்றே தோன்றும்.

ஆயின், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் இவ்வட்டாரத்திலும், இதனை அடுத்த உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலும் பல வீடுகளுக்கு மாலைப்பொழுது துயரப்பொழுதாகவே வந்தது. கதிரவன் மறைந்ததும் அவ்வீட்டு ஆடவர் போர்வையைத் தோளிலிட்டுக் காவல் நிலையத்தை நோக்கி நடப்பர். அங்கே தம் பெயரைப் பதிவு செய்துவிட்டு, இரவெல்லாம் காவலர் கண்முன்னே படுத்துக் கிடப்பர். வீட்டில் குழந்தை நோயுற்றிருப்பினும், வயலில் நீர் பாய்ச்ச வேண்டியிருப்பினும் இவ்வழக்கம் தவறலாகாது. வெளியூர் செல்ல வேண்டுமாயின் அதற்கென்று சீட்டுப் பெற்றுச் செல்லுதல் வேண்டும். இத்துணைத் துன்பம் அடைய அவர்கள் செய்த குற்றந்தான் யாது? பிறமலைக் கள்ளர் மரபில் பிறந்ததே அவர்கள் செய்த குற்றம்!

ஆங்கில ஆட்சியினர் 1871ஆம் ஆண்டில் வடநாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றினர். 1911ஆம் ஆண்டில் அது திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் உரியதாயிற்று. ஒரு மரபினரைக் குற்றப் பரம்பரையினர் என்று அரசு அறிவிக்குமாயின், அம்மரபினர் தம் பெயரையும் விரல்ரேகையையும் பதிவு செய்தல் வேண்டும். இதனாலேயே மதுரை வட்டாரத்து மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். 1914ஆம் ஆண்டு முதல் கீழக்குயில்குடி தொடங்கிப் பிறமலைக் கள்ளர் வாழும் ஊர்கள் பலவற்றிலும் இச்சட்டம் படிப்படியாகப் புகுந்தது. தனி ஒருவன் செய்த பிழைக்கு அவனை வினவித் தண்டித்தல் நீதி. பிறவாத குழந்தையையும் குற்றவாளி என்று முன்னரே முடிவு செய்தலை நீதி என்று யார் கூறுவர்?

இச்சட்டத்தில் மற்றுமொரு கொடுமையும் இருந்தது. அரசின் அறிவிப்புத் தகுதியுடையதா அன்றா என்று எந்த நீதிமன்றமும் ஆராய்தல் கூடாது என்று அச்சட்டமே தடுத்திருந்தது. ஆகவே, பதிவு செய்யப்பெற்றவன் தன் பெயர் நீங்க வேண்டுமென்று வாதாட நீதிமன்ற வாயில் அடைபட்டிருந்தது. எஞ்சியிருந்த மன்றம் ஒன்றே; அது மக்கள் மன்றம். ஆனால், அம்மக்கள் மன்றமோ அவர்களுக்கு எதிராகவே இருந்தது. காவற்கூலி பற்றிய பழைய பூசல்களும், களவு பற்றிய அச்சமும், பல தலைமுறையாக வளர்ந்த வெறுப்பும் ஒன்றுகூடி, இச்சட்டம் நல்லதே என்று பலரையும் எண்ணச் செய்தன. கற்றோரும் செல்வரும் இதனைக் கண்டிக்க முன்வந்திலர். கண்டித்தால் கள்வருக்குத் துணை போவதாக உலகம் பழிக்குமே என்று உள்ளூர வருந்தியவரும் வாய் திறவாதிருந்தனர்.

இந்நிலையில் அம்மக்களுக்காகத் துணிந்து வாய் திறந்தவர் ஒருவர். அவர் அவர்களுடைய மரபினர் அல்லர். அவர்களுடைய சமயத்தினரும் அல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். மதுரையில் பாரிஸ்டர் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப் என்பவரே அப்பெரியார். கள்ளர் நாட்டு மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தனர்.

ஜார்ஜ் ஜோசப் 1887ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில் சிரியக் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். புகழ்பெற்ற பத்திரிகையாசிரியராகிய போத்தன் ஜோசப் இவர்தம் இளவல் ஆவார். ஜார்ஜ் ஜோசப் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். பின்னர் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருளியல் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார். இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். 1909ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். சிறிது காலத்தில் மதுரையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு வழக்கறிஞர் தொழில் நடத்தலானார். சீமையில் கற்ற பட்டமும், நாவன்மையும், கூர்த்த மதியும் உடைய அவருக்குப் பொருளும் புகழும் விரைந்து சேர்ந்தன. ஆட்சியாளரோடு இணங்கி நடந்திருப்பாராயின், உயர்ந்த பதவிகள் அவரைத் தேடி வந்திருக்கும்.

அவர் அவ்வழியை நாடினாரல்லர். அந்நாளில் கிறித்தவருள் பலர், ஆள்வோரும் தம் சமயத்தினரே என்னும் எண்ணத்தால் விடுதலை இயக்கத்தினின்றும் ஒதுங்கி நின்றனர். கிறித்தவரும் இந்நாட்டு மக்களே, இந்நாட்டின் விடுதலைக்கு உழைத்தல் அவர்தம் கடமை என்பது ஜோசப்பின் கருத்து. இக்கருத்தை அவர் தம்மினத்தாரிடையே ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். அன்னிபெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தைத் தோற்றுவித்தபோது அதில் முன்னின்று உழைத்தார். முதல் உலகப்போர் நடந்த காலத்தில், இந்தியாவின் உரிமை பற்றி இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைப்பதற்காகக் கப்பலேறினார். அக்கப்பல் ஜிப்ரால்ட்டர்த் துறையை அடைந்ததும் ஆங்கில அரசு அவரையும் உடன் சென்றோரையும் தடுத்து நிறுத்தித் திருப்பி அனுப்பியது. பேச வேண்டிய இடத்தைச் சென்றடையுமுன்னரே அவருடைய வாய் அடைக்கப்பெற்றது. எனினும் அவர் சோர்ந்தாரில்லை.

மதுரைக்கு மீண்டபின் ஆலைத் தொழிலாளரின் துன்பம் அவர் உள்ளத்தை உருக்கியது. ஆர்வி ஆலை அக்காலத்தில் மதுரையின் பெருந்தொழில் நிலையம். அங்கே தொழிலாளர் குறைந்த ஊதியத்திற்கு நீண்ட நேரம் உழைத்தனர். ஆலை முதலாளிகள் செல்வாக்கு மிகுந்தவர்கள். அரசின் துணையும் அவர்கட்கு உண்டு. அவர்களைப் பகைத்துக்கொள்ள நகரத்துப் பெரியோர் அஞ்சினர். ஜோசப்போ 1918ஆம் ஆண்டில் தொழிலாளர் சங்கம் அமைவதற்குத் துணைநின்றார். தொடர்ந்து நிகழ்ந்த வேலைநிறுத்தங்களின் பயனாக ஊதியம் உயர்ந்தது. வேலை நேரமும் குறைந்தது.

ஆலைத் தொழிலாளர்க்குப் பரிந்து பேசியபோது நகர மக்களுள் ஒரு சாராரேனும் அவரைப் பாராட்டினர். கள்ளர் மரபினர்க்குப் பரிந்து பேசியபோதோ அத்தகைய பாராட்டும் அரிதாயிற்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் அறிவிப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது என்பதை மேலே கண்டோம். ஆயினும் அச்சட்டத்தின் பேரால் தொடுக்கப்பெற்ற வழக்குகளில் அகப்பட்டவர்க்காக வாதாட இயலும். ஜோசப் அத்தகைய வழக்குகள் பலவற்றை ஏற்று நடத்தினார். அத்துடன் நில்லாது, பத்திரிகைகளில் அச்சட்டத்தைக் கண்டித்துத் தொடர்ந்து எழுதினார். நீதிபதியின் முன் பேசுவதைக் காட்டிலும் இது கடினமான செயல். நீதிபதி ஒருவருக்கு விடை கூறினால் போதும். பத்திரிகையில் எழுதுவோன் படிப்போர் அனைவருடைய சினத்திற்கும் உரியவனாகிறான்.

பலரும் வெறுக்கும் ஒரு கருத்தை உரைக்க முற்படுவோர்க்கு வரும் அச்சம் இருவகைப்படும். தண்டனைக்கு அஞ்சுதல் ஒன்று. பழிப்புக்கு அஞ்சுதல் மற்றொன்று. சிறைக்கு அஞ்சாத வீரரும் நண்பர் முகஞ்சுளிப்பதற்கு அஞ்சுவதுண்டு. பழிப்புக்கு அஞ்சும் உள்ளம், தான் சொல்ல வந்ததைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு, இறுதியில் சொல்லாமலே விட்டுவிடும். அவ்வச்சத்தை வெல்லும் வழி, நம்மைப் பற்றி உலகம் யாது நினைக்கும் என்னும் வினாவை ஒதுக்கி, துன்புறுவோன் நிலை யாது என்னும் வினாவை முன்வைத்தலாகும். இரவில் காவல் நிலையத்துத் தரையில் கிடந்த உழவனின் துன்பத்தோடு ஒப்பிட்டால், நகரத்து நண்பர் சிலரின் முகஞ்சுளிப்பு எம்மாத்திரம்?

அத்துன்பத்தைப் பொறுக்கலாற்றாது மக்களே எதிர்த்தெழுந்தனர். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆம் நாள், பெருங்காமநல்லூர் என்னும் சிற்றூரில் கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவற்படையினர் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். படிப்பறிவு பெறாத அவ்வுழவர் தம் மானத்தின் பொருட்டு உயிரையே ஈந்தனர். கற்றவர் தம் நற்பெயருக்கு இழுக்கு வருமென்று அஞ்சி வாளாவிருத்தல் தகுமா? ஜோசப்பின் எழுத்தும் பேச்சும் இக்கேள்விக்கு விடையாக அமைந்தன எனலாம்.

அவ்வாண்டில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். ஜோசப் பெரும்பொருள் தந்த தொழிலைத் துறந்து அவ்வியக்கத்தில் சேர்ந்தார், கதராடை பூண்டார், வடநாடு சென்று, மோதிலால் நேரு அலகாபாத்தில் நிறுவிய இண்டிபெண்டண்ட் என்னும் நாளிதழின் ஆசிரியரானார். அரசை எதிர்த்து எழுதியதன் பொருட்டு 1921ஆம் ஆண்டின் இறுதியில் சிறை புகுந்தார். விடுதலை பெற்றபின், காந்தியடிகள் சிறையில் இருந்த காலத்தில், 1923ஆம் ஆண்டில் யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். காந்தியடிகளின் இதழையே நடத்தும் அளவுக்கு அவர்பால் நம்பிக்கை வைக்கப்பெற்றது. இத்தகைய நெருக்கத்தின் பின்னரே அவருக்கு வாழ்வின் மிகக் கடுமையான சோதனை வந்தது.

திருவிதாங்கூர் நாட்டு வைக்கத்தில் சிவன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடத்தல் கூடாது என்னும் கட்டுப்பாடு இருந்தது. அதனை நீக்குதற்பொருட்டு 1924ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டி. கே. மாதவன், கே. பி. கேசவமேனன் முதலிய தலைவர்கள் சிறைப்பட்டனர். ஜோசப் முன்வந்து போராட்டத்தில் பங்கேற்றார். தீண்டாமை இந்துக்கள் இழைத்த பாவம் ஆதலின், அதற்குக் கழுவாய் தேடுவதும் இந்துக்களின் கடமையே என்பது காந்தியடிகளின் கருத்து. ஆகவே, கிறித்தவராகிய ஜோசப் அப்பணியை இந்துக்களிடமே விட்டுவிடுதல் வேண்டும் என்று கடிதம் வாயிலாக அறிவுறுத்தினார். ஜோசப் இதனை வேறு நோக்கில் கண்டார். பொதுத்தெருவில் நடத்தல் குடிமக்கள் அனைவர்க்கும் உரிய உரிமை. அவ்வுரிமைக்குப் போராடுவோன் எச்சமயத்தினன் என்று வினவுதல் வேண்டா என்பது அவர் கொள்கை. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் கைது செய்யப்பெற்றுச் சிறை சென்றார். பின்னர் ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ. வே. இராமசாமி வந்து போராட்டத்தை நடத்தியதை வரலாறு கூறும்.

அரசை எதிர்ப்பவனுக்கு மக்களின் வாழ்த்து உண்டு. மக்களின் வெறுப்பை ஏற்பவனுக்குத் தன் கட்சியின் துணையேனும் உண்டு. நாடு முழுவதும் வணங்கும் தலைவரோடு கருத்து மாறுபடுவோனுக்கோ எத்துணையும் இல்லை. பகைவர் பழிப்பது எளிதில் பொறுக்கத்தக்கது. அன்புடையார் மனம் வேறுபடுவதே பொறுத்தற்கு அரியது. ஜோசப் அதனையும் பொறுத்தார். தம் உள்ளம் ஒப்பாத ஒன்றை ஒப்பியதாகக் காட்டித் தலைவரின் நெருக்கத்தைக் காத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1925ஆம் ஆண்டளவில் காங்கிரசினின்றும் விலகி மதுரைக்கு வந்து மீண்டும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர்க் காந்தியடிகளின் கொள்கைகள் சிலவற்றை வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். அவர் கூறியன யாவும் சரியானவையே என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், பிறர் மனம் மகிழ்தற்பொருட்டு அவர் தம் கருத்தை மறைத்தார் என்று எவரும் கூற முடியாது.

கட்சியை விட்டு நீங்கினாரேயன்றி, கடமையை விட்டு நீங்கினாரில்லை. 1933ஆம் ஆண்டில் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசர் குற்றம் சாட்டப்பெற்றார். அப்போது வரதராசலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவர் பொருட்டு வாதாடினர். காமராசர் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராகி, ஏழைச் சிறுவர்க்கெல்லாம் பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட பெருந்தலைவர், அன்று ஜோசப்பின் நாவன்மையால் காக்கப்பெற்ற இளந்தொண்டராவார். கள்ளர் நாட்டு மக்களும் தம் துன்பங்களைக் கூறுதற்கு அவர் இல்லத்தை நாடினர். ஜோசப் என்னும் அயல்மொழிப் பெயரோடு ஒலியால் நெருங்கியதும், அன்பால் மணந்ததுமான ரோசாப்பூ துரை என்னும் பெயர் அம்மக்கள் அவருக்குச் சூட்டிய பட்டமாயிற்று. பல்கலைக்கழகம் அளித்த பட்டத்தினும் இது குறைந்ததாகுமோ?

சில ஆண்டுகட்குப்பின் ஜோசப் மீண்டும் காங்கிரசில் சேர்ந்தார். 1937ஆம் ஆண்டில் மத்திய சட்டசபைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். நாட்டுக்கு அவர் ஆற்றவிருந்த தொண்டு இன்னும் மிகுதி என்று பலரும் எதிர்நோக்கியிருந்தனர். ஆயின், காலன் அதற்கு இடந்தரவில்லை. 1938ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5ஆம் நாள் மதுரையில் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதே. எச்சட்டத்தை எதிர்த்து எழுதினாரோ அச்சட்டம் அன்றும் நடைமுறையில் இருந்தது. தம் உழைப்பின் பயனைக் கண்ணாரக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

எனினும், விதைத்தவன் காணாவிடினும் விதை முளைக்கத் தவறுவதில்லை. ஊர்தோறும் மக்கள் எதிர்த்தனர். தலைவர் பலர் குரல் கொடுத்தனர். அச்சட்டம் கொடியது என்னும் எண்ணம் நாளடைவில் எங்கும் பரவியது. ஒரு காலத்தில் சிலரே சொல்லத் துணிந்த கருத்து பலரும் ஒப்பும் கருத்தாயிற்று. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பெற்றது. 1952ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் அச்சட்டம் ஒழிந்தது. பிறப்பினால் குற்றவாளி என்னும் பழியைச் சட்டப் புத்தகம் கைவிட்டது. கள்ளர் நாட்டு மக்கள் தம் மைந்தர் சிலர்க்கு ரோசாப்பூ என்றும் பெயரிட்டு, ஜோசப்பின் நினைவைப் போற்றினர்.

ஜார்ஜ் ஜோசப்பின் வாழ்க்கையினின்று மாணவர் கொள்ளத்தக்க படிப்பினை யாது? எல்லாரும் கூறுவதை மறுப்பது மட்டுமே வீரமாகாது. மாறுபட்டுப் பேசுவதிலேயே இன்பம் கண்டு, எதனையும் மறுப்போரும் உலகில் உளர். அவர் பேச்சால் பயன் இல்லை. முதலில் உண்மையை ஆராய்ந்து தெளிதல் வேண்டும். அவ்வுண்மையால் நலம் பெறுவோர் யாவர், அது மறைக்கப்படின் துன்புறுவோர் யாவர் என்று எண்ணுதல் வேண்டும். எண்ணித் தெளிந்தபின், வகுப்பறையிலாயினும் ஊர்ச்சாவடியிலாயினும், நண்பர் நகைப்பர் என்றோ பெரியோர் முனிவர் என்றோ அஞ்சாது, பணிவோடும் உறுதியோடும் அதனை உரைத்தல் வேண்டும். ஒரு மாணவன்மீது வீண்பழி சுமத்தி எல்லாரும் எள்ளும்போது, அவன் அத்தவற்றைச் செய்யவில்லை என்று அறிந்த மற்றொரு மாணவன் எழுந்து நின்று கூறுவானாயின், அவனும் ஜோசப்பின் வழியில் ஓர் அடி நடந்தவனே ஆவான்.

உத்தமபாளையத்தில் இப்போதும் மாலைப்பொழுது வருகின்றது. மலைமுகட்டில் கதிரவன் மறைகின்றான். உழவர் வயலினின்றும் திரும்புகின்றனர். போர்வையைத் தோளிலிட்டுக் காவல் நிலையம் நோக்கி நடப்பார் ஒருவரும் இலர். தந்தையர் தத்தம் இல்லத்திண்ணையில் மக்களோடு அமர்ந்து உரையாடுகின்றனர். எளிதாகத் தோன்றும் இந்த அமைதி, பலருடைய குருதியாலும், பழிப்புக்கு அஞ்சாது பேசிய சிலருடைய சொல்லாலும் கிடைத்ததாகும். அச்சிலருள் ரோசாப்பூ துரையின் பெயர் என்றும் நின்று மணம் வீசும்.